பின் சீட்டின் இடப்பக்கம்

ஜூலை 6, ஞாயிறு

இரவு மழை. விடியலில் பனிமூட்டம். செம்பனை மரங்களுக்கு மட்டை தெரிகிறது, அடிமரம் தெரியவில்லை. 6.50க்குக் கிளம்பினோம். எங்கள் தாமான் குடியிருப்பின் கேட், தோட்டத்துத் தார்ப் பாதை, சின்னப் பாலம், திரும்பல். ஐந்து கி.மீ. இருக்கும்.

இரட்டைச் சைக்கிள் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். பிரிக்பீல்ட்ஸில் பார்வை போனவர்களுக்காகச் சின்னதாய் ஒரு கிளப் நடத்துகிற அருள் ஒரு மாதத்துக்கு இரவலாகக் கொடுத்தது. முன்னால் நான், பின்னால் என் வீட்டுக்காரர். 27ஆம் தேதி அருளுக்குப் பதில் சொல்ல வேண்டும், தொடர்ந்து வேண்டுமா வேண்டாமா என்று.

இவருக்குக் கண் போய் பத்து மாதம். இனிப்பு நீர், சர்க்கரை வியாதி. வெளிச்சம் தெரியும், நிழல் தெரியும், என் முகம் தெரியாது. துறைமுகத்திலிருந்து இருபத்தேழு வருஷம் கொள்கலன் லோரி ஓட்டிய மனிதர், பத்து மாதமாய் ஹாலில் காற்றாடிக்குக் கீழே ஒரே நாற்காலி. கோயிலுக்கு? வேண்டாம். தம்பி வீட்டு விருந்துக்கு? வேண்டாம். சைக்கிளுக்கு மட்டும் "சரி, பார்ப்போம்" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மாறிவிடுவார்.

இறங்கியதும் முதல் பேச்சு: "கோமு, இந்த சீட்டு சரியில்லலா. இடப்பக்கம் கொல்லுது."

நாளைக்கு: சீட். கருவேப்பிலை. மின்சார பில்.

ஜூலை 8, செவ்வாய்

நல்ல வெயில். துணி இரண்டு வாளி.

போர்ச்சில் சீட் வேலை. காப்பார் கடை வரிசையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் குணாவைப் போனில் வைத்துக்கொண்டு.

"அக்கா, அண்ணன ஏறி உக்கார சொல்லுங்க. சுவத்தப் புடிச்சிக்கட்டும். குதிகால கீழ் பெடல்ல வைக்கணும். முட்டி நேரா நின்னா கரெக்ட். மடங்குனா சீட்டு தாழ்வு."

மடங்கியது. அலன் கீயால் தளர்த்தி ஒரு விரல் உயரம் தூக்கினேன். பழைய அளவில் வெள்ளை டேப் ஒட்டிவைத்தேன்.

இவர் சுவரைப் பிடித்தபடி மேலே. நான் கீழே குந்தியபடி இவர் முட்டியையே பார்த்துக்கொண்டு.

"என்ன பண்ற, சத்தத்தையே காணோம்?"

"உங்க முட்டியப் பார்க்கிறேன்."

"அதுல என்ன இருக்கு பார்க்க?"

வலது முட்டியில் ஒரு பழைய தழும்பு இருக்கிறது. இருபத்தாறு வருஷம் கூடக் குடும்பம் நடத்தி இன்றைக்குத்தான் பார்க்கிறேன். கேட்டேன். "அது உனக்கு முன்னாடி வந்தது" என்றார், ஏதோ மூத்த சம்சாரத்தைப் பற்றிச் சொல்வது மாதிரி. சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் சிரித்தார். நாள் கணக்குப் பார்த்தால் இவர் வாய்விட்டுச் சிரித்து ரொம்பக் காலம்.

ஜூலை 9, புதன்

பனிமூட்டம், குறைவு. ஐந்து கி.மீ.

உயர்த்தியும் பயனில்லை. வலப்பக்கம் சுகம், இடப்பக்கம் அதே வலி. "ஒரே சீட்டுல ரெண்டு சீட்டு" என்கிறார்.

இன்னொன்று. மிதி நடுவில் சிக்குகிறது. இரண்டு பேர் மிதிகளும் ஒரே சங்கிலியில் ஓடுவதால், ஒன்று நின்றால் இரண்டும் நிற்கும். ஓடிக்கொண்டே இருக்கும்போது சட்டென்று ஒரு பிடி, ஒரு நொடி, பிறகு விட்டுவிடும். சங்கிலியில் மண்ணாக இருக்கலாம். எண்ணெய் விட வேண்டும்.

ஜூலை 11, வெள்ளி

மேகம். மழை இல்லை.

சீட்டை முன்னால் அரை விரல் தள்ளினேன். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தினேன். கைப்பேசியைச் சீட் மேல் படுக்க வைத்து மட்டம் பார்த்தேன். எண்ணெயும் விட்டேன்.

நேற்று பிற்பகல் ஷிப்டில் பாதி தூக்கம். கையுறைத் தொழிற்சாலையில் என் வேலை ஓட்டை பார்ப்பது. காற்று ஊதினால் வெள்ளைக் கை ஒன்று எழுந்து நிற்கும், வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும், அமுக்கி அடுத்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், கைகள் எல்லாம் எனக்கு டாட்டா காட்டின. மேற்பார்வையாளர் பெண் வந்து, "அக்கா, எந்த ஊருல இருக்கீங்க?" என்றாள். அநேகமாகப் பாலத்துக்குப் பக்கத்தில் என்று சொல்லியிருக்கலாம்.

விடியலில் ஒரு கனவு. சைக்கிள் செம்பனை மட்டைகளுக்கு மேலே போகிறது. கீழே பாதையே இல்லை. எனக்குப் பயமும் இல்லை. மின்நிலையத்துப் புகைபோக்கிகளின் சிவப்பு விளக்குகள் கையெட்டும் தூரத்தில், சூடாக. இவர் பின்னால் ஏதோ சொல்லிக்கொண்டே வருகிறார், பேச்சு புரியவில்லை, ஆனால் நல்ல செய்தி என்று தெரிகிறது. விழித்த பிறகும் கொஞ்ச நேரம் கால்கள் போர்வைக்குள் சுற்றிக்கொண்டிருந்தன.

ஜூலை 13, ஞாயிறு

மூட்டம் கெட்டியாக. எட்டு கி.மீ., வாய்க்கால் வரை. கொக்குகள் இருபதுக்கு மேல். எண்ணி முடிப்பதற்குள் பறந்துவிட்டன.

காலைச் சந்தை கூடும் பாசார் ஓரமாகப் போகும்போது இரண்டு ஆன்டிமார்:

"இங்க பாருலா, புருஷன பின்னாடி வச்சி மிதிக்குது."

"நம்ம வீட்டுல இருக்குறது சும்மாவே பின்னாடி வராது."

இவர் காதில் விழுந்தது. "என்னவாம்?" என்றார், கேட்காதவர் மாதிரி.

வாய்க்காலோரம் நெடுநேரம் பேசிக்கொண்டே வந்தார். முதல் லோரி, அதன் கதவு மூடாதது, ஜொகூரில் ஒரு கடையில் தின்ற மீன் தலைக் கறி. திரும்பிப் பார்க்க முடியாது, பார்த்தால் வண்டி ஆடும். அதனால் முகம் இல்லாமல் குரல் மட்டும் முதுகில் வந்து படுகிறது. கல்யாணத்துக்கு முன்பு பொதுத் தொலைபேசியில் காசு போட்டுப் பேசிய அதே குரல். வீட்டில் இந்தக் குரலை நான் இழந்திருந்தேன். வீட்டில் "தண்ணி", "மணி என்ன", "வேணாம்" மட்டும்தான். பனிக்குள் எங்கே இருக்கிறோம் என்று இரண்டு பேருக்குமே தெரியாத ஒரு கால் மணி நேரம். எனக்கு அது போதுமாக இருந்தது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்று தோன்றியது, இன்றைக்கு வேலை நாளாக இருந்தாலும்.

மிதி மூன்று தடவை சிக்கியது. எண்ணெய்க்குக் கேட்கவில்லை.

இறங்கும்போது இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஜூலை 16, புதன்

மழை. போகவில்லை. மழையால் மட்டும் இல்லை.

நேற்று ஜெல் உறை வாங்கிப் போட்டு ஓட்டினோம். மோசமானது. குளித்துவிட்டு வந்தவரை நிறுத்திப் பார்த்தேன். இடப்பக்கம் ஐம்பது சென் காசு அகலத்தில் சிவப்பு. நடுவில் தோல் உரிந்திருக்கிறது. இனிப்பு நீர்க்காரருக்குப் புண் ஆறாது என்று கிளினிக்கில் தாதி எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள். அதை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அலன் கீயும் கையுமாக.

கிளினிக் போனோம். சுத்தம் செய்து மருந்து. ஒரு வாரம் சைக்கிள் கூடாது, ஆறிய பிறகு பார்த்துச் செய்யுங்கள் என்றாள் தாதி.

செமினியிலிருந்து மகன் போன். "ரோட்டுல சர்க்கஸ் காட்டுனது போதும்மா. வீட்டுக்குள்ளயே மிதிக்கிற சைக்கிள் ஒண்ணு வாங்கித் தரேன்." வீட்டுக்குள் மிதித்தால் எங்கே போய்ச் சேர்வது?

ஜூலை 18, ஆடி முதல் வெள்ளி

புழுக்கம். கோயிலில் கூழ். இவர் வரவில்லை. தூக்குச் சட்டியில் கொண்டு வந்தேன்.

நாற்காலியில் இருந்தார். காற்றாடி. கூழைக் குடித்துவிட்டுச் சட்டியை நீட்டினார்.

"கோமு, அருள்கிட்ட வண்டியத் திருப்பிக் குடுத்துரு. எனக்கு ஒத்துக்கல."

"புண்ணு ஆறிடும்ங்க."

"ஆறும். திரும்ப வரும். விடு."

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவ்வளவு அமைதியாகச் சொன்னார். சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இந்த நாற்காலியில் மறுபடி உட்கார்ந்தால் இனி எழுந்திருக்க மாட்டார். அந்தக் குரல் திரும்ப வராது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான், வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

விடுப்பு நாள். வெயில்.

சைக்கிளை நான் மட்டும் குணா கடைக்கு ஓட்டிப் போனேன். பின் சீட் காலி. மூன்று கி.மீ. மிதி ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. வெண்ணெய் மாதிரி ஓடியது.

குணா வண்டியைத் தூக்கி நிறுத்திச் சங்கிலியைச் சுற்றவிட்டார்.

"அக்கா, இதுல ஒரு குத்தமும் இல்ல. சீட்டும் நல்லா இருக்கு. வேற ஆளுங்க ஓட்டுன வண்டிதானே, யாருக்கும் வலிக்கலயே?"

"அப்ப இவருக்கு மட்டும் ஏன்?"

"அதான் எனக்கும் தெரியல." தேநீர் வாங்கிக் கொடுத்தார். வயிறு முன்னால் வந்த மனிதர், உட்கார்ந்து எழும்போது சைக்கிளைப் பிடித்துக்கொள்கிறார்.

திரும்பும் வழியில் தொழிற்சாலை ஞாபகம். ஒரு கையுறையில் ஓட்டை என்றால் தூக்கிப் போடுவோம். அடுத்தடுத்து பத்துக் கையுறையில் ஒரே விரலில் ஓட்டை என்றால் கையுறையைப் பார்க்க மாட்டோம். வரிசையில் அந்த இடத்து அச்சைப் போய்ப் பார்ப்போம். நான் இத்தனை நாள் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மிதி சிக்கிய இடங்கள், நினைவில் வந்தவரை:

பாலம் வரும் முன்.
தாமான் கேட்டுப் பம்ப், அந்த வேகத்தடை.
பாசார் சிம்பாங், ரோடு பிரிகிற இடம்.
ஒரு தடவை நாய் குரைத்தபோது.
வாய்க்கால் பக்கம் டிராக்டர் சத்தம்.

நிற்கும்போதெல்லாம் வலது மிதிதான் கீழே. ஒவ்வொரு தடவையும். வலது.

புரிகிற மாதிரி இருக்கிறது. புரியாமல் இருந்தால் தேவலை என்றும் இருக்கிறது.

ஜூலை 23, புதன்

பனிமூட்டம். புண் ஆறிவிட்டது. தாதி நேற்றுப் பார்த்துச் சரி என்றாள். "கடைசியா ஒரு தடவைங்க. பாலம் வரைக்கும். அருள் கேட்டா சொல்லணும் இல்ல" என்று கெஞ்சி ஏற்றினேன்.

ஒன்றும் சொல்லாமல் ஓட்டினேன். காலில் மட்டும் கவனம்.

கேட்டுப் பம்ப். நான் இன்னும் மிதிக்கிறேன், பிரேக்கைத் தொடவில்லை. வலது மிதி கீழே போனது, நின்றது. பிடி. பிறகு விட்டது.

பாதைத் திருப்பம். அதே.

எதிரே மோட்டார் சைக்கிள் சத்தம். அதே. வலது கால் கீழே, ஆணி அடித்தது போல.

பாலத்தில் நிறுத்தினேன். இறங்கி இவர் தொடையில் கை வைத்தேன். வலது தொடை இறுகிக் கல்லாக இருந்தது. இடது தொடை சாதாரணம்.

"நீங்க பிரேக் அடிக்கிறீங்க."

"என்னது? எனக்கு ஏது பிரேக்?"

"அதான் சொல்றேன். உங்களுக்குப் பிரேக் இல்ல. ஆனா வலது காலால லோரிய நிறுத்துறீங்க. அந்தக் கால ஊனி எழும்புறீங்க, பாரமெல்லாம் இடப்பக்கம் போய் விழுது. சீட்டு ஒண்ணும் பண்ணல."

"நான் ஒண்ணும் பண்ணலையே கோமு."

பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தேன், அவருக்கே தெரியாது. கையை எடுத்துத் தொடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நெடுநேரம்.

பிறகு சொன்னார்:

"நீ நிறுத்துவேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வீடு வரும் வழியில் நான்கு இடத்தில் பிடி.

ஜூலை 24, வியாழன்

வெயில். தலைவலி. சாம்பார் அடிப்பிடித்தது.

இருபத்தாறு வருஷம். இவருக்குச் சோறு போட்டு, பிள்ளையை வளர்த்து, ஊசி போட்டு, நகம் வெட்டி. நீ நிறுத்துவேன்னு எனக்கு எப்படித் தெரியும். கேட்கிற கேள்வியா இது?

காரைத் துடைக்கப் போனேன். துடைக்க ஒன்றும் இல்லை, கோபத்துக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. முன்னால் இடது சீட்டுக்குக் கீழே ரப்பர் விரிப்பு. பத்து மாதமாய்க் கிளினிக்குக்கு நான்தான் ஓட்டுகிறேன், இவர் அந்தச் சீட்டில். விரிப்பில் வலது கால் வைக்கிற இடத்தில் தேய்ந்து ஒரு குழி. ஓட்டுகிற என் பக்கத்தில்கூட அவ்வளவு தேயவில்லை.

அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டு காருக்குள் உட்கார்ந்துவிட்டேன். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. பத்து மாதமாய் ஒவ்வொரு சிம்பாங்கிலும் இந்த மனிதர் சாகத் தயாராகி, நிறுத்திப் பார்த்து, நிற்காது என்று தெரிந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் வந்திருக்கிறார். நான் ரேடியோ போட்டுக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். என்ன வருகிறது என்று ஒரு நாளாவது சொன்னேனா? கண் தெரிந்தவளுக்கு அது தோன்றவே இல்லை.

பெருந்தூக்கம். கனவில் ஒன்றும் இல்லை.

ஜூலை 25, வெள்ளி

லேசான தூறல், பிறகு நின்றது. காலையில் நானே ஒன்றும் கேட்காமல் அலன் கீயை எடுத்தேன். சீட்டைப் பழைய டேப் அளவுக்கு இறக்கி, மட்டமாக்கி, ஜெல் உறையைக் கழற்றி எறிந்தேன். சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நாற்காலியில் இருந்தார். பிறகு வாசலுக்கு வந்து தடவித் தடவிச் செருப்பைத் தேடினார். நான் உதவவில்லை. செருப்பு கிடைக்கட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

புது ஏற்பாடு: நான் வாயால் சொல்வது. "பம்ப்." "லெஃப்ட் வளையுது." "மோட்டார் ஒண்ணு, தூரத்துல." "பிரேக் புடிக்கிறேன்." சொல்லிவிட்டுத்தான் பிடிப்பது. முதலில் வெட்கமாக இருந்தது, பேருந்து நடத்துநர் மாதிரி. பத்து நிமிஷத்தில் பழகிவிட்டது. "பனி. கொக்கு. மறுபடியும் கொக்கு. ஒரு பங்களாதேஷ் தம்பி கையாட்டுறாரு, நீங்களும் ஆட்டுங்க." ஆட்டினார்.

பிடி இரண்டு தடவைதான்.

அப்படியே குணா கடை வரை. குணா விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு, உடனே ஒரு யோசனை: "அண்ணே, பின்னாடி கைப்பிடியில உங்களுக்குன்னு ஒரு பிரேக் போட்டுத் தரேன். உங்க கையில இருக்கும். கவலையே இல்ல."

நல்ல யோசனை. எனக்கே தோன்றாதது. இவர் உடனே ஒத்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

இவர் கைப்பிடியைத் தடவினார்.

"வேணாம் பாஸ். ரெண்டு பேர் பிரேக் புடிச்சா வண்டி வீட்டுக்கே வராது."

குணா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயம்தான் வந்தது. இனிமேல் பிரேக் என் கையில் மட்டும்.

ஜூலை 26, சனி

வெயில். ஓவர்டைம், காலையிலேயே வேலை. ஓட்டவில்லை. கையுறைகள் எல்லாம் ஒழுங்காக இருந்தன.

அருள் போன். "அக்கா, நாளைக்குச் சாயங்காலம் சொல்லிடுங்க. வேணாம்னா தப்பில்ல. சுங்கை வேயில ஒருத்தர் வரிசையில இருக்காரு."

இவரிடம் சொன்னேன். இடப்பக்கம் எப்படி என்று கேட்டேன். "இருக்கு" என்றார். வலி இருக்கிறதா, இடம் இருக்கிறதா, தெரியவில்லை. அருளுக்குப் பதில் என்ன சொல்ல என்று கேட்டேன்.

"நாளைக்குப் போய்ட்டு வந்து சொல்றேன். தோட்டத்துக்குள்ள வேணாம். பெரிய ரோட்டத் தாண்டி அந்தப் பக்கம் போலாம்."

பெரிய ரோடு. கொள்கலன் லோரிகள் போகிற ரோடு. சைக்கிளில் நான் இதுவரை தாண்டியதே இல்லை.

ஜூலை 27, ஞாயிறு

பனிமூட்டம். இந்த மாதத்திலேயே கெட்டியானது. 6.45.

கேட்டுப் பம்ப். சொன்னேன். பிடி இல்லை.

பாலம். இல்லை.

தோட்டம் முடிந்து பெரிய ரோட்டுக்கு இறங்குகிற சாய்வு. பனிக்குள் போக்குவரத்து விளக்கு ஒரு சிவப்புக் கறையாகத் தெரிந்தது, கம்பம் தெரியவில்லை. வலப்பக்கமிருந்து லோரி வருகிற சத்தம். சாதாரண லோரி இல்லை, நாற்பது அடி, பாரம் ஏற்றியது. எனக்கே தெரிந்தது, இவருக்குத் தெரியாமல் இருக்குமா? மிதித்துக்கொண்டே இறங்கினேன். வலது கால் கீழே போகும்போது பிடிக்காகக் காத்திருந்தேன். கால் கீழே போனது, மேலே வந்தது. மறுபடி கீழே, மேலே. லேசாக, தண்ணீரில் சுற்றுவது மாதிரி. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை நாள் இவர் காலைக் கேட்டுத்தான் நான் பயப்படத் தொடங்கியிருக்கிறேன். இன்றைக்கு எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

"பிரேக்!" என்று கத்தினேன். பிடித்தேன். கோட்டுக்கு ஒரு முழம் முன்பே வண்டி நின்றது. இடது காலை ஊன்றினேன். லோரி எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது, நீளமாக, அதன் காற்று முகத்தில் அடித்தது. போன பிறகு ஒரே அமைதி. பின்னால் அசைவில்லை, பாரமில்லை, மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"ஏங்க. இருக்கீங்களா?"

"இருக்கேன். அடுத்த மாசமும் இங்கதான் இருப்பேன். பச்ச விழுந்துச்சா?"

"விழுந்துருச்சு."